கண்ணாடியில் படியும் வெள்ளை: கல் நீரும் கழுவுதூளும்

சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அம்மா ஒருவர் போன மாதம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போய்ப் பார்த்தால் சட்டம் போட்ட படமொன்று மேசையில் கிடந்தது. 2009 இல் காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படம். அந்தப் படத்தோடுதான் அவர் எத்தனையோ போராட்டங்களுக்குப் போய் வந்தவர். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் தாய்மார் தொடங்கிய தொடர் போராட்டத்திலும் அதை மடியில் வைத்தபடிதான் இருந்தார். தெருப்புழுதியும் கைபட்ட பிசுக்கும் ஏறிப் போயிருந்த கண்ணாடியை, சட்டி கழுவும் தூளைப் போட்டு நல்லாக உரஞ்சி, கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்திருக்கிறார். காய்ந்த பின் மகனின் முகத்துக்கு மேல் வெள்ளைப் புகார் படர்ந்தது போல இருந்தது.

“பிள்ளை, நான் துடைக்கத் துடைக்க இது கூடுதே தவிரக் குறையேல்லை. படம் பழுதாப் போச்சோ?” என்று கேட்டார்.

படம் பழுதாகவில்லை, ஓரளவுக்கு. கண்ணாடிதான் பழுதாகியிருந்தது. அதிலும் திரும்ப எடுக்கக்கூடிய பழுது எது, எடுக்க முடியாதது எது என்பதைப் பிரித்துப் பார்க்க ஒரு பின்னேரம் முழுவதும் தேவைப்பட்டது. அன்று பார்த்தவற்றையும் பிறகு தேடி வாசித்தவற்றையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர்ப் போத்தல், குழந்தையின் பால் போத்தல், விளக்குச் சிமிலி, கூரையில் ஏற்றிய வெந்நீர்க் குழாய் என்று யாழ்ப்பாணத்தில் தண்ணீர் படும் கண்ணாடி எல்லாவற்றுக்கும் இதே வருத்தம்தான்.

வெள்ளை எங்கிருந்து வருகிறது?

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த கல் அது. வருடம் முழுவதும் ஓடும் ஆறு எங்களுக்கு இல்லை. சண்டிலிப்பாய்ப் பக்கத்தால் இறங்கி அராலிக் கடலேரிக்குப் போகும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஆறு. ஆகவே குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் நிலத்தடி நீரே. ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் கரைக்கிறது. நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் உண்டாக்கியது இந்த அரிப்புத்தான். எங்கள் கேத்திலின் அடியில் பொருக்குக் கட்டுவதும் அதே கல். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் இருந்து 1990 வரை உடைத்து அரைத்த கல்லும் இதுதான். கண்ணாடியில் இருக்கும் வெள்ளையை ‘சீமெந்து மாதிரி ஒட்டிக் கிடக்கு’ என்று யாராவது சொன்னால், அது வெறும் உவமை அல்ல.

கரைந்த நிலையில் கல்சியம் இருபத்துநாலு மணித்தியாலமும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. தண்ணீர் கொதித்தாலோ காற்றில் உலர்ந்தாலோ காபனீரொட்சைட்டு வெளியேறிவிடும். அப்போது கல்சியம் காபனேற்றாகத் திரும்பவும் கல்லாகிறது. ஒரு லீற்றரில் 180 மில்லிகிராமுக்கு மேல் கடினத்தன்மை இருந்தால் அந்த நீரை ‘மிகக் கடினம்’ என்ற வகையில் சேர்ப்பார்கள். குடிநீருக்கான இலங்கைத் தரநிர்ணயம் 250 மில்லிகிராமை மேல் எல்லையாக வைத்திருக்கிறது. 300 மில்லிகிராம் உள்ள கிணற்று நீரில் ஒரு லீற்றரைக் கண்ணாடியில் உலரவிட்டால் 0.3 கிராம் கல் மிஞ்சும். ஒரு துளியில் மிஞ்சுவது அற்பம். ஆனாலும் அது துளியின் விளிம்பிலேயே சேர்வதால் வளையமாகத் தெரிகிறது. கழுவிய கிளாசைக் கவிழ்த்துவிட்டுப் போகிற எங்கள் பழக்கத்தில், ஒவ்வொரு நாளும் பழைய வளையத்தின் மேல் புதியது ஏறுகிறது.

கழுவுதூள் என்ன செய்கிறது?

சட்டி கழுவும் தூள் எதுவானாலும் எங்கள் வீடுகளில் அதற்குப் பெயர் விம். லீவர் சகோதரர் நிறுவனம் 1904 இல் சந்தைக்கு விட்ட பெயர் அது. அமெரிக்காவில் இதே இடத்தில் 1886 இல் வந்த பொன் அமி இருக்கிறது. இந்தத் தூள்களில் பெரும்பங்கு சவர்க்காரம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பங்கு அரைத்த கல். அழுக்கைச் சுரண்டி எடுக்கும் வேலையைச் செய்வது கல்தான். கூடவே சிறிது அழுக்குநீக்கி, சலவைச் சோடா, சிலவற்றில் வெளிற்றும் பொருள் இருக்கும்.

எந்தக் கல் என்பதில்தான் கண்ணாடியின் கதி இருக்கிறது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோவின் அளவுத்திட்டத்தில் சுண்ணாம்புக்கல்லான கல்சைற்று 3, சாதாரண கண்ணாடி ஏறத்தாழ 5.5, பெல்ஸ்பார் 6, படிகக்கல் 7. தன்னைவிடக் கடினமானது உரசினால் கண்ணாடியில் கீறல் விழும். கல்சைற்றுத் தூள் கீறாது. படிகக்கல் துகள் கலந்த தூள் கீறும். வடமராட்சி கிழக்கின் வெள்ளை மணலும் படிகக்கல்தான். போத்தலுக்குள் கொஞ்ச மணலைப் போட்டுக் குலுக்கிக் கழுவும் பழக்கத்தை அதனால்தான் விடச் சொல்கிறேன். அம்மாவின் படக் கண்ணாடியில் நாங்கள் கண்ட வட்ட வட்டமான மெல்லிய கீறல்களுக்கு, தூளைவிட அவர் பிடித்திருந்த பச்சை நிற உரஞ்சிதான் காரணம் என்பது என் ஊகம். அந்த உரஞ்சிகளில் கண்ணாடியைவிடக் கடினமான அலுமினியம் ஒட்சைட்டுத் துகள்களை ஒட்டியிருப்பார்கள்.

அப்படியானால் கீறாத தூள் ஏன் கறை விடுகிறது? அதுவே சுண்ணாம்புக்கல் என்பதால்தான். சுத்தமான ஒரு லீற்றர் நீரில் கல்சியம் காபனேற்று ஏறத்தாழ 14 மில்லிகிராம்தான் கரையும். ஏற்கெனவே கல் கரைந்து நிறைந்திருக்கும் கிணற்று நீரில் அதுவும் கரையாது. நாங்கள் ‘அலசுகிறோம்’ என்று நினைக்கும்போது தூளைக் கரைக்கவில்லை, தள்ளிவிடத்தான் பார்க்கிறோம். தள்ளுப்படாதது காய்ந்து புகாராக நிற்கிறது. சவர்க்காரமும் சேர்ந்தால் இன்னும் மோசம். கடின நீரில் சவர்க்காரம் கல்சியத்தோடு சேர்ந்து, நுரைக்காமல் பிசுபிசுப்பான படையாகிவிடும். அந்தப் படை தூளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். துடைக்கத் துடைக்கக் கூடியது இதனால்தான்.

முதலில் புளி, பிறகு தூள்

கறையை எடுக்க முதல் அது என்ன கறை என்று பார்க்க வேண்டும். ஒரு மூலையில் தேசிக்காய்ச் சாறு இரண்டு துளி விட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். வெள்ளை கரைந்து அந்த இடம் தெளிந்தால் அது சுண்ணாம்புப் படிவு, முழுவதையும் எடுத்துவிடலாம். ஈரமாக இருக்கும்போது தெளிவாகத் தெரிந்து, காய்ந்ததும் அதே மங்கல் அப்படியே திரும்பி வந்தால் அது கீறலோ கண்ணாடியே அரிபட்டதோ. அதை எந்தத் தூளும் எடுக்காது, தேய்க்கத் தேய்க்கக் கூடவே செய்யும். விரல் வழுக்கினால் எண்ணெய்ப் பிசுக்கு. அதற்குத்தான் அழுக்குநீக்கி வேண்டும். மண்ணிறமாக இருந்தால் இரும்புக் காவி. பழைய குழாயால் வரும் தண்ணீரில் இது அதிகம். புளியும் தேசிக்காயும் கொஞ்சம் எடுக்கும், முழுவதையும் எடுக்க ஒட்சாலிக்கமிலம் சேர்ந்த தூள் வேண்டும். அது நஞ்சு. உணவுப் பாத்திரத்துக்கும் பிள்ளைகள் நடமாடும் இடத்துக்கும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சுண்ணாம்புப் படிவுக்குத் தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ போதும். சித்திரிக்கமிலத் தூள் கிடைத்தால் இன்னும் நல்லது: ஒரு தேக்கரண்டியை ஒரு கிளாஸ் இளஞ்சூட்டு நீரில் கரைத்து ஊறவைக்க வேண்டும். மெல்லிய படிவுக்கு அரை மணித்தியாலம், கல்லாகிப்போனதற்கு ஒரு இரவு. நேரே நிற்காத கண்ணாடியாக இருந்தால் சீலைத்துண்டை நனைத்து ஒட்டிவிடலாம். சின்னச் சின்னக் குமிழி எழுந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். கல்லுக்குள் இருந்த காபனீரொட்சைட்டு வெளியேறுவதுதான் அது.

எங்கள் சமையலறைகளில் நடக்கும் பெரிய பிழை ஒன்று, தூளையும் வினாகிரியையும் ஒன்றாகக் கலப்பது. நுரைத்துக்கொண்டு வருவதைப் பார்க்கச் சந்தோசமாக இருக்கும். ஆனால் தூளில் உள்ள காபனேற்றும் அமிலமும் ஒன்றையொன்று தின்று முடித்துவிடும், கறை அப்படியே இருக்கும். இது நட்டம் மட்டும். தூளில் குளோரீன் வெளிற்றி இருந்தால் நட்டத்தோடு நிற்காது. அமிலம் பட்டதும் குளோரீன் வாயு கிளம்பும். கதவு சாத்திய குளியலறையில் அது மூச்சைக் கெடுக்கும். ஆகவே புளிப்பு ஒரு முறை, நல்லாக அலசல், அதன் பிறகு தேவைப்பட்டால் மட்டும் தூள். மலசலகூடம் கழுவ வாங்கி வைத்திருக்கும் அசிட்டை, அதாவது ஐதரோக்குளோரிக்கமிலத்தை, கண்ணாடிக்கு எடுக்காதீர்கள். அது படிவை உடனே கரைக்கும்தான். அதன் ஆவி கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும், பக்கத்தில் உள்ள உலோகம் எல்லாவற்றையும் கறுப்பாக்கும்.

தூள் போடுவதென்றால் உலர்ந்த கண்ணாடியில் தூவக் கூடாது. ஈரமான மெல்லிய பருத்திச் சீலையில் ஒரு சிட்டிகை எடுத்து, கஞ்சிப் பதத்தில், அழுத்தாமல் வட்டமாகத் தேய்க்க வேண்டும். புதிய தூள் என்றால் முதலில் எறிகிற ஒரு போத்தலில் தேய்த்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். காயவிடக் கூடாது. ஈரமாக இருக்கும்போதே இன்னொரு நனைந்த சீலையால் தூளை வழித்தெடுக்க வேண்டும். நான் கண்டவரை பாதிக் கறை இந்த இடத்தில்தான் தவிர்க்கப்படுகிறது. நேரே தண்ணீர் ஊற்றினால் தூள் ஓரங்களில் ஓடித் தங்கிவிடும். வழித்த பிறகு இரண்டு தரம் அலசி, கடைசி அலசலுக்குக் கிணற்று நீரை எடுக்காமல் மழைநீரை எடுக்கலாம். மாரியில் முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்து வைத்தால் பல மாதத்துக்கு வரும். மழைநீர் இல்லையென்றால், கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளிந்த நீரை மேலால் இறுத்து எடுக்கலாம். கல்லில் ஒரு பங்கை அது கேத்திலின் அடியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கும். சுத்திகரித்து விற்கும் குடிநீரும் சரி, அரைக் கிளாஸ் போதுமே. பிறகு வெயிலில் காயவைக்காமல் உடனே உலர்ந்த சீலையால் துடைத்துவிட வேண்டும். துளி தானாகக் காய நேரம் கொடுத்தால் வளையம் வரும்.

ஜாம் போத்தலுக்குள் போன கை

சாம்பலைப் பற்றி வாசகர்கள் கட்டாயம் கேட்பீர்கள். எனக்கும் அது சின்ன வயது வேலை. 1990 இல் மின்சாரம் நின்று, பொருளாதாரத் தடை வந்த காலத்தில் மண்ணெண்ணெய் துளித் துளியாகத்தான் கிடைத்தது. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது ஊறும் அளவுக்கு மண்ணெண்ணெய், கம்பியில் தொங்கும் சிறு திரி. அந்த வெளிச்சத்தில்தான் ஒரு தலைமுறை சோதனைக்குப் படித்தது. விடிந்தால் போத்தலின் உள்பக்கம் முழுவதும் கரி. பெரியவர்களின் கை போத்தலின் வாய்க்குள் போகாது என்பதால் அதைத் துடைக்கும் பொறுப்பு என்னைப் போன்ற சின்னவர்களுக்கு வந்தது. சவர்க்காரமும் தடைப்பட்டியலில் இருந்தது. உடுப்புக்குப் பனம்பழக் களி, சட்டிக்குச் சாம்பலும் பொச்சும், போத்தலுக்குச் சாம்பலும் பழைய கொப்பித் தாளும்.

அது நல்லாக வேலை செய்ததற்குக் காரணம் இருக்கிறது. கரி தண்ணீரில் கரையாது, எண்ணெய்ப் பசையோடு ஒட்டியிருக்கும். விறகுச் சாம்பலில் உள்ள பொற்றாசியம் காபனேற்று காரம் என்பதால் அந்தப் பசையை விடுவிக்கும். உலர்ந்த தாள் கரியை இழுக்கும். தண்ணீரே படாததால் சுண்ணாம்பு வளையமும் வராது. இன்றைக்கும் அரிக்கன் லாம்பின் சிமிலிக்கு முதலில் உலர்ந்த தாள், பிறகு அரித்தெடுத்த சாம்பல், கடைசியாக மட்டும் ஈரச்சீலை என்ற ஒழுங்குதான் சரி. அரிக்காத சாம்பலுக்குள் மணல் இருக்கும், அது கீறும். சூடான சிமிலியில் ஈரம் பட்டால் வெடிக்கும் என்பதை எங்கள் வீட்டில் ஒரு சிமிலியைப் பறிகொடுத்துத்தான் நான் படித்தேன். அந்தக் காலத்தில் ஒரு சிமிலி போவது சின்ன விசயம் இல்லை. இரண்டு நாள் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை.

ஆனால் சாம்பல் காரம். சுண்ணாம்புப் படிவுக்கு அது ஒன்றும் செய்யாது. தண்ணீர்ப் போத்தலை எத்தனை தரம் சாம்பலால் கழுவினாலும் வெள்ளை நிற்பது அதனால்தான்.

கை போகாத இடங்கள்

குறுகிய வாயுள்ள போத்தலுக்குள் தூளைப் போடாமல் இருப்பது உத்தமம். உள்ளே போன தூள் அடிமூலையில் தங்கும். வினாகிரியோ சித்திரிக்கமிலக் கரைசலோ விட்டு, ஒரு கைப்பிடி அரிசியைப் போட்டுக் குலுக்கினால் அரிசி கீறாமல் தேய்த்துக் கொடுக்கும். பால் போத்தலுக்கும் இதுவே வழி. கழுவிய பின் வழமை போலக் கொதிநீரில் அவிக்க வேண்டும். அவிக்கும் நீரே கடினம் என்றால் போத்தல் திரும்ப வெளிறிவிடும். அவிக்கும் பாத்திரத்தில் ஒரு தேக்கரண்டி வினாகிரி விட்டால் அது குறையும். மெல்லிய வெள்ளைப் படிவு குழந்தைக்குத் தீங்கானதல்ல, குடிக்கிற தண்ணீரில் உள்ள கல்சியம்தானே. பயப்பட வேண்டியது அதன் சொரசொரப்பில் பால்பசை ஒட்டி நிற்பதற்குத்தான்.

வெளிநாட்டுக் காசில் எழும்பும் சில புதுவீடுகளின் கூரைகளில் இப்போது சூரிய வெந்நீர்க் கருவிகளைக் காண்கிறோம். அவற்றில் ஒரு வகையில் தண்ணீர் நேரே கண்ணாடிக் குழாய்களுக்குள் இறங்கிச் சூடாகி மேலே போகும். எங்கள் நீர் சூடேறினால் என்ன செய்யும் என்று மேலே சொன்னேன். இரண்டு மூன்று வருடத்தில் குழாயின் அடியில் கல்லும் சேறும் கட்டி, சூடு குறைந்துவிடும். இதற்குத் தூள் ஒருபோதும் சரிவராது. 1.8 மீற்றர் நீளக் குழாயின் அடியில் போய்ச் சேர்ந்த தூளை வெளியே எடுக்க முடியாது, அதுவும் படிவோடு படிவாகிவிடும். விடியற்காலையில், குழாய்களைச் சாக்கால் மூடி, ஆறிய பின்னர் வேலை தெரிந்தவரைக் கொண்டு கழற்றி, ஒவ்வொன்றையும் சித்திரிக்கமிலக் கரைசலால் நிரப்ப வேண்டும். லீற்றருக்கு 30 தொடக்கம் 50 கிராம் போதும். சில மணித்தியாலம் விட்டு, நீளப் போத்தல் தூரிகையால் மெல்லத் தடவி ஊற்றிவிடலாம். மத்தியான வெயிலில் வெறுமையாகக் காய்ந்த குழாய்க்குள் குளிர்ந்த நீரை விட்டால் சிமிலிக்கு நடந்ததுதான் இதற்கும் நடக்கும்.

போத்தலின் உள்பக்கத்தில் வெள்ளை இல்லாமல் எண்ணெய் மினுக்கம் தெரிந்தால் அது கழுவுகிற கதை அல்ல. சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரத்தில், அனல்மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. எங்களுக்கு அது பக்கத்து ஊர். அப்படியொரு மினுக்கத்தைக் கண்டால் போத்தலைக் கழுவ முதல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லித் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

படச் சட்டம்

இனி அம்மாவின் படம். சட்டம் போட்ட படத்துக்குத் தண்ணீர் ஊற்றவே கூடாது. சட்டத்தின் விளிம்பால் நீர் உள்ளே இறங்கும். படத்தாளின் மேற்பூச்சு ஜெலற்றின். ஈரம் பட்டால் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அவருடைய படத்திலும் கீழ் மூலை ஒட்டியிருந்தது. இடப்பெயர்வுகளில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு ஒரேயொரு பிரதியை வைத்திருக்கும் வீடுகள் எங்கள் பக்கம் எத்தனை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே முதல் வேலை, எதையும் தொட முதல், கண்ணாடிக்கு மேலாலேயே நல்ல வெளிச்சத்தில் படத்தைப் படமெடுத்து வைப்பது. ஒட்டிய படத்தை உலர்வாக இழுத்தால் முகத்தின் தோல் கண்ணாடியோடு போய்விடும். ஸ்ரூடியோவில் பழைய முறையில் கழுவி எடுத்த படம் என்றால் கண்ணாடியோடு சேர்த்துக் குளிர்ந்த தெளிந்த நீரில் அமிழ்த்தி, தானாக விடும்வரை பார்த்திருக்கலாம். அதற்கும் ஆபத்து உண்டு. கணினி அச்சு இயந்திரத்தில் எடுத்த படத்துக்கு இதைச் செய்யவே கூடாது, மை ஓடிவிடும்.

இது 2006 இல் ஸ்ரூடியோவில் எடுத்த படம். ஆற வைத்த தண்ணீரில் அரை மணித்தியாலம் கிடந்து விட்டது. சேட்டின் பொத்தானுக்குக் கீழே விரல் நுனி அளவு பூச்சுப் போனது, முகத்தில் ஒன்றுமில்லை. பழைய கண்ணாடியில் தேசிக்காய்ச் சாற்றைத் தடவியபோது வெள்ளைப் புகார் முழுவதும் போனது. கீறல்கள் நின்றன. மானிப்பாயில் கண்ணாடி வெட்டும் கடையொன்றில் புதிய துண்டு வெட்டிப் போட்டோம். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் சுற்றிவரக் கெட்டி மட்டைக் கீலம் ஒன்று வைத்தோம், இனி ஈரம் பட்டாலும் ஒட்டாது.

துடைப்பதற்கு ஒரு பழைய வேட்டித் துண்டும் சின்னப் போத்தலில் மழைநீரும் கொடுத்தேன். சீலையைத்தான் நனைக்க வேண்டும், கண்ணாடியை அல்ல என்று சொன்னேன். “தூள் வேண்டாமே?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பழைய கண்ணாடியை எறியவா என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, மாமரத்தடியில் சாய்த்து வைக்கச் சொன்னார்.